திதியும் ஓதமும் காற்றும்

நிலவிருந்தும் ஏன் போகவில்லை?

பௌர்ணமி இரவில் நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் மனத்தில் ஒரு சந்தேகம் எழுவதுண்டு. வானம் நிர்மலமாக இருக்கிறது. அலை அடங்கிக் கிடக்கிறது. விளக்கே வேண்டாத அளவுக்கு நீர்ப்பரப்பெங்கும் வெளிச்சம் பரவியிருக்கிறது. அப்படியிருந்தும் இரவு வலைக்குப் போக வேண்டிய படகுகளில் பல கரையிலேயே கிடக்கின்றன. பதினைந்து நாள் கழித்து, எதிரே நிற்பவர் முகம் தெரியாத அமாவாசை இருட்டுக்கோ, அதே படகுகள் பொழுது சாயும்போதே வலையையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றன. சாமானிய புத்திக்கு இது தலைகீழான காரியமாகவே தோன்றும். காரணம் கேட்டால், “நிலாக் காலத்தில் மீன் படாது” என்று ஒரே வாக்கியத்தில் பதில் வருகிறது. சந்திரனுடைய ஆகர்ஷணமும், அதன் ஒளியும், கடலுக்குள் வாழும் நுண்ணுயிர்களின் இராக்கால நடமாட்டமும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நிற்கின்றன என்பதைக் கேட்டவர் அறியாமலே திரும்பிவிடுகிறார்.

கரையோர மீன்பிடிப் பயணம் ஒன்றைத் திட்டமிடுகிறவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது முதற் கேள்வி. மீன் எந்த ஆழத்தில் நிற்கும், வலை அதன் கண்ணுக்குப் படுமா படாதா என்பது இரண்டாவது. காற்று என்ன செய்யும் என்பது மூன்றாவது. முதற் கேள்விக்குரிய விடையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கணித்து அச்சிட்டு வைக்கலாம். இரண்டாவதற்கு அனுமானமாகச் சொல்லலாம். மூன்றாவதற்கோ சில நாட்களுக்கு அப்பால் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, மூன்றிலும் நிச்சயம் குறைந்த அந்தக் காற்றிடமே இருக்கிறது என்பதுதான் இந்தக் கணக்கின் விசித்திரம்.

கடல் இருமுறை ஏறுவது எதனால்?

கடல்நீர் காலந்தவறாமல் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பெயர். அது ஏறும் பருவத்தைப் பெருக்கு என்றும், இறங்கும் பருவத்தை வற்றம் என்றும் இங்கே குறிப்போம். இதற்கும் சந்திரனுக்கும் சம்பந்தம் உண்டென்பது கரையில் வாழ்ந்த ஜனங்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த உண்மையே. அறிஞர் உலகந்தான் அதை ஏற்பதற்குத் தயங்கியது. 1632-இல் வெளியிட்ட நூலில் கலிலியோ, பூமியின் அசைவினாலேயே கடல் தளும்புகிறது என்று வாதித்ததோடு, கெப்ளரைப் போன்ற கூரிய அறிவினரும் சந்திரனுக்கு நீரின்மேல் ஆதிக்கம் உண்டென்று நம்புகிறாரே என்று வியப்பும் தெரிவித்தார். 1687-இல் நியூட்டன் தமது ஈர்ப்பு விதியைக் கொண்டு ஓதத்தை விளக்கிய பிறகே கரையோர மக்களின் அனுபவத்துக்குச் சாஸ்திர அந்தஸ்து கிடைத்தது.

சந்திரன் பூமியின் எல்லாப் பாகங்களையும் ஒரே வலுவோடு இழுப்பதில்லை. தனக்கு நேரே இருக்கும் பக்கத்து நீரைச் சற்று அதிகமாகவும், பூமியின் நடுப்பாகத்தை அதனினும் குறைவாகவும், மறுபக்கத்து நீரை இன்னும் குறைவாகவும் இழுக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்து நீர் பூமியை முந்திக்கொண்டு சந்திரனை நோக்கிக் குவிய, அந்தப் பக்கத்து நீர் பூமிக்குப் பின்தங்கி எதிர்த்திசையில் குவிகிறது. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றுவதற்குள் ஒவ்வொரு கடற்கரையும் இவ்விரு குவியல்களையும் கடந்து வருவதால் நாளொன்றுக்கு இரண்டு பெருக்கும் இரண்டு வற்றமும் நேர்கின்றன. இந்த இழுப்பு வேற்றுமையின் வலிமை, நம்மைத் தரையில் நிறுத்தும் புவியீர்ப்பில் கோடியில் ஒரு பங்கு அளவே இருக்கும். நீரைச் செங்குத்தாகத் தூக்குவதற்கு அது எள்ளளவும் போதாது. ஆனால் பரந்த சமுத்திரத்தின் நீரைப் பக்கவாட்டில் சிறிது சிறிதாக நகர்த்திக் குவிப்பதற்குத் தாராளமாகப் போதும்.

பூமி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சந்திரனும் தன் பாதையில் சிறிது தூரம் முன்னேறிவிடுகிறது. அதை மறுபடி உச்சியில் காணப் பூமி இன்னும் சுமார் 50 நிமிஷம் சுழல வேண்டும். இன்று காலை ஆறு மணிக்கு உச்சத்தைத் தொட்ட நீர் நாளைக் காலை ஏறத்தாழ ஆறு ஐம்பதுக்குத் தொடுவதும், ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிஷம் செல்வதும் இதனாலேதான்.

சூரியன் சேர்வதும் பிரிவதும்

சூரியனுடைய நிறை சந்திரனுடைய நிறையைப் போல் ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் மடங்கு. அப்படிப்பட்ட சூரியன் ஓதத்தை எழுப்புவதில் சந்திரனுக்குப் பிற்பட்டு நிற்பானேன்? ஓதத்தை எழுப்பும் வலிமை தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. அதாவது தூரம் இரண்டு மடங்கானால் வலிமை எட்டில் ஒன்றாகிவிடும். சூரியன் சந்திரனைக் காட்டிலும் சுமார் 390 மடங்கு தொலைவில் இருப்பதால், நிறையினால் பெற்ற பெருமையையெல்லாம் தூரத்தினால் இழந்து, முடிவில் சந்திரனுடைய வலிமையில் பாதிக்கும் சற்றுக் குறைவான பங்கையே செலுத்த முடிகிறது.

பாதியே ஆனாலும் அது சேரும்போதும் பிரியும்போதும் விளைவு கண்கூடாகத் தெரிகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே கோட்டில் அமைவதால் இரு இழுப்புகளும் ஒன்றுகூடி, நீர் மிக உயர ஏறி மிகத் தாழ இறங்குகிறது. இதைப் பெருவோதம் என்போம். அஷ்டமியில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக இழுப்பதால் ஏற்றமும் இறக்கமும் சுருங்கிப் போகின்றன, இது சிற்றோதம். கடல் பெருத்த உடம்புடையது. கட்டளை பிறந்தவுடனே அசைந்துவிடாது. ஆதலால் மிகப் பெரிய ஓதம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் பின்னரும், மிகச் சிறியது அஷ்டமிக்கு ஒன்றிரண்டு நாள் பின்னரும் வருவதே பெரும்பாலான துறைகளில் வழக்கம். சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது சுமார் 3,63,000 கிலோமீட்டரும், விலகும்போது சுமார் 4,05,000 கிலோமீட்டரும் அப்பால் இருக்கிறது. தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள இந்த வித்தியாசம், மும்மடிக் கணக்கினால் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வித்தியாசமாகப் பெருகிவிடுகிறது. ஆகையால் சந்திரன் அண்மையில் இருக்கும் மாதத்துப் பௌர்ணமி ஓதம் மற்றப் பௌர்ணமி ஓதத்தைவிட உயர்ந்து வருவதில் வியப்பில்லை.

திதி சொல்லும் மணி

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி அச்சிடப்பட்டிருப்பதை நாம் விரதத்துக்கும் திவசத்துக்கும் மாத்திரமே பார்த்துப் பழகிவிட்டோம். திதி என்பது உண்மையில் வானத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணத்தின் அளவு. அந்தக் கோணம் 12 பாகை வளர்வதற்குச் செல்லும் காலமே ஒரு திதி. முப்பது திதியில் வட்டத்தின் 360 பாகையும் நிறைவெய்தி, சந்திரன் மறுபடி சூரியனைச் சேர்கிறது. ஓதத்தின் அளவையும் வேளையையும் நிர்ணயிப்பதும் அதே கோணந்தான்.

பூமி 12 பாகை சுழல 48 நிமிஷம் ஆகும்; நாழிகைக் கணக்கில் அது சரியாக இரண்டு நாழிகை. எனவே ஒரு திதி முடிவதற்கு இரண்டு நாழிகை வீதம் சந்திரன் சூரியனுக்குப் பின்தங்குகிறது என்று கொள்ளலாம். அமாவாசையன்று சூரியனோடு சேர்ந்து நண்பகலில் உச்சிக்கு வரும் சந்திரன், வளர்பிறைச் சஷ்டி முடிவில் பன்னிரண்டு நாழிகை, அதாவது 4 மணி 48 நிமிஷம் பிந்தி வரும். அஷ்டமியின் நடுவில் கோணம் 90 பாகையாவதால் சூரியன் அஸ்தமிக்கும் வேளையில் சந்திரன் உச்சியில் நிற்கும். பௌர்ணமி முடிவில் 180 பாகை; சூரியன் மறைய, சந்திரன் எழும். கடிகாரம் இல்லாத காலத்தில் பிறையின் வடிவத்தை நோக்கியே நீரின் வேளையைச் சொல்ல முடிந்ததற்கு இதுவே ஆதாரம்.

ஆனால் இது சராசரிக் கணக்கு என்பதை மறந்துவிடலாகாது. பெருவோத நாட்களில் அன்றாடத் தாமதம் 50 நிமிஷத்துக்குக் குறைந்தும், சிற்றோத நாட்களில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் வரும். ஆகவே திதியைக் கொண்டு சொல்லும் மணி அரை மணி, முக்கால் மணி முன்பின்னாகப் போவது சகஜம்.

துறைக்குத் துறை வேறு

சந்திரன் உச்சிக்கு வந்த கணத்திலேயே நீரும் உச்சத்தைத் தொடுமானால் கணக்கு இத்தோடு தீர்ந்துவிடும். அவ்வாறு நேர்வதில்லை. சமுத்திரத்தின் ஆழம், கரையின் வளைவு, தீவுகளின் குறுக்கீடு ஆகியவற்றால் ஒவ்வொரு துறையிலும் ஓதம் தனக்கென்று ஒரு தாமதத்தோடு வந்து சேர்கிறது. இதைத் துறைத் தாமதம் எனலாம். ஒரு துறைக்கு அது ஏறத்தாழ மாறாதது. எனவே அமாவாசையன்று நீர் உச்சம் தொடும் மணியை ஒருமுறை கவனித்து வைத்துக்கொண்டவர், மற்ற நாட்களுக்கு நாழிகையைக் கூட்டிக்கொண்டே போகலாம். இதனின்று சுவையான ஓர் உண்மையும் பிறக்கிறது. குறிப்பிட்ட ஒரு துறையில் பெருவோதம் எந்த மாதமானாலும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் உச்சம் தொடும்; காலை எட்டரைக்கு என்றால் ஆடி அமாவாசைக்கும் எட்டரை, தைப் பௌர்ணமிக்கும் எட்டரை.

வேளையைப் போலவே அளவும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தமிழகக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைச் சுற்றியே அமைய, பாக் நீரிணையின் உட்பகுதியில் அதனினும் குறைய, குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரை எட்டுகிறது. ஊஞ்சல் திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளுதலும் பெரிய வீச்சாவதுபோல, வளைகுடாவின் நீளமும் ஆழமும் ஓதத்தின் கால அளவுக்கு இசைந்து அமையும் இடங்களில் நீர் அளவு கடந்து உயர்கிறது. அந்த வளைகுடா உள்ளே போகப் போகக் குறுகுவதும் இதற்குத் துணை செய்கிறது.

இத்தகைய பல காரணங்களையும் ஒன்றாகக் கூட்டிக் கணிப்பது மனித முயற்சிக்குப் பெரும் சுமையாக இருந்தது. வில்லியம் தாம்சன் என்ற இயற்பெயருடைய கெல்வின் பிரபு, கப்பிகளும் சக்கரங்களும் கொண்டு ஓதத்தை முன்கூட்டியே வரைந்து காட்டும் இயந்திரத்தை 1872-இல் உருவாக்கினார். அந்த வழியைப் பின்பற்றி இந்தியத் துறைமுகங்களுக்கென்றே ஓர் இயந்திரம் 1879-இல் எட்வர்ட் ராபர்ட்ஸ் என்பவரின் திட்டப்படி இங்கிலாந்தில் செய்யப்பட்டது. இக்காலத்தில் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் பெரிய துறைகளுக்குரிய மணியும் அளவும் முன்னதாகவே அச்சாகிவிடுகின்றன. திதிக் கணக்கு அந்த அட்டவணைக்கு மாற்றாகாது. அட்டவணையில் பெயரில்லாத சிறு குப்பங்களுக்குத்தான் அது கைகொடுக்கும்.

ஒரு முகத்துவாரம், இரண்டு பயணங்கள்

இதுவரை கண்டவற்றைக் கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிற்றாறு ஒன்று கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு குப்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமாவாசையன்று அங்கே காலை 8.30 மணிக்கு நீர் உச்சம் தொடுகிறது. முகத்துவாரத்தின் குறுக்கே ஒரு மணல்திட்டு. நீர் சராசரி மட்டத்தில் நிற்கும்போது அதன் மேல் 90 சென்டிமீட்டர் ஆழம். எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு சுமையோடு தரை தட்டாமல் கடப்பதற்கும் அதே 90 சென்டிமீட்டர் வேண்டும். பெருவோதத்தில் ஏற்ற இறக்கம் 120 சென்டிமீட்டர். சஷ்டியன்று 60 சென்டிமீட்டர்.

வற்றத்திலிருந்து உச்சத்துக்குப் போகும் ஆறு மணி நேரமும் நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்றும், ஐந்தாவதில் இரண்டும், ஆறாவதில் ஒன்றுமாக ஏறும். மாலுமிகள் நெடுநாளாகக் கையாளும் விதி இது. நமது துறையின் பெருவோதத்தில் ஒரு பங்கு 10 சென்டிமீட்டர். ஆகவே நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மாத்திரம் 60 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது.

அமாவாசை இரவில் கடலில் தங்கி வலையிட நினைக்கும் படகைப் பார்ப்போம். காலை 8.30 உச்சத்துக்கு அடுத்த உச்சம் இரவு 8.55, அதற்கும் அடுத்தது மறுநாள் காலை 9.20. நீர் சராசரி மட்டத்துக்கு மேல் நிற்பது உச்சத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எனவே புறப்பட உகந்த வேளை மாலை ஏறத்தாழ 5.50 முதல் நள்ளிரவு வரை. திரும்ப உகந்த வேளை மறுநாள் காலை 6.15 முதல் பகல் 12.25 வரை. அந்தி வேளையில் புறப்பட்டு, இரவெல்லாம் வலையை மிதக்கவிட்டு, காலை ஏழு மணிக்குள் வலையை வாங்கிக்கொண்டு, ஒன்பது மணிக்கெல்லாம் நிறைநீரில் திட்டைத் தாண்டி, வெயில் ஏறுமுன் மீனை ஏலத்துக்குக் கொண்டு வந்துவிடலாம். தவறி ஒரு மணி நேரம் பிந்தி, பகல் 1.25-க்கு வந்தால், திட்டின் மேல் 30 சென்டிமீட்டர் நீர் குறைந்துபோயிருக்கும். படகு வெளியே மாலைவரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இனி வளர்பிறைச் சஷ்டியன்று விடியற்காலைத் தூண்டிலுக்குப் போகும் படகைக் காண்போம். திதிக்கு இரண்டு நாழிகையாகப் பன்னிரண்டு நாழிகை கூட்டினால் உச்சம் பகல் 1.18 ஆகிறது. அதற்கு முந்தின உச்சம் நள்ளிரவு 12.53, முந்தின வற்றம் காலை 7.06. ஆகவே படகு அதிகாலை நான்கு மணிக்குள் திட்டைக் கடந்து வெளியேறிவிட வேண்டும், காலை 10.10-க்கு முன் உள்ளே வர இயலாது, பிற்பகல் 4.25 வரை வரலாம். மூன்றரை மணிக்குப் புறப்பட்டுப் பதினொரு மணிக்குத் திரும்புவதாகத் திட்டமிட்டால், போகும்போது வற்றத்து நீரோட்டம் வெளியே தள்ளும். வரும்போது பெருக்கு உள்ளே இழுத்துவரும். இரு வழியிலும் எரிபொருள் மிச்சம். ஒரு மணி நேரம் தவறினாலும் 15 சென்டிமீட்டர் நீர்தான் குறையும். அமாவாசை ஓதம் வேளை தவறுவதைப் பொறுக்காது. சஷ்டியின் ஓதம் ஓரளவு பொறுக்கும்.

ஒளியும் மீனும்

மேற்சொன்ன கணக்கில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வித்தியாசமே கிடையாது. நீர் ஏறும் மணியும் ஒன்று, அளவும் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருக்க, ஒன்றில் போகிறவர்கள் மற்றதில் தங்குவதற்குக் காரணம் ஒளியாகவே இருக்க வேண்டும்.

இரவில் நீரோட்டத்தோடு மிதக்கவிடும் செவுள்வலை, சில ஊர்களில் வழிவலை எனப்படுவது, மீனை வளைத்துப் பிடிப்பதில்லை. மீன் தானே வந்து கண்ணியில் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ள வேண்டும். வலை கண்ணுக்குத் தெரியாதவரையில்தான் இந்தத் தந்திரம் பலிக்கும். முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் நாலு லட்சத்தில் ஒரு பங்கே ஆனாலும், இருளில் பார்க்கப் பழகிய மீனின் கண்ணுக்கு அது தாராளம். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாதிப் பிறையின் ஒளி முழுநிலவின் ஒளியில் பாதியன்று. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அஷ்டமி நிலவு தொழிலைக் கெடுக்கும் அளவு, பௌர்ணமி நிலவு கெடுக்கும் அளவில் மிகச் சிறிதாயிருப்பது இதனாலேயே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒலியைக் கடலுக்குள் செலுத்தி ஆழம் பார்த்தவர்கள், மெய்யான தரைக்கு வெகுதூரம் மேலே பொய்யான தரை ஒன்று எதிரொலி தருவதையும், அது பகலில் தாழ்ந்து இரவில் உயர்வதையும் கண்டு திகைத்தனர். பின்னர் ஆராய்ந்தபோது அது கோடானுகோடிச் சிற்றுயிர்களும் சிறு மீன்களும் சேர்ந்த படலம் என்று தெரியவந்தது. பகைவர் கண்ணில் படாதிருக்கப் பகலில் ஆழத்தில் தங்கி, இருட்டியபின் மேலே வந்து இரை தேடும் இவ்வுயிர்கள், நிலவு பிரகாசிக்கும் இரவுகளில் முழுதும் மேலே வராமல் தாழவே நின்றுவிடுகின்றன. இரை நிற்கும் இடத்திலேதான் அதைத் தின்னும் மீனும் நிற்கும்; மேல்நீரில் தொங்கும் வலைக்கு அகப்படுவது குறைந்து போகும்.

பாதி இரவு நிலவும் பாதி இரவு இருளுமாக இருக்கும் நாட்களில் எந்தப் பாதி இருள் என்பதையும் திதியே சொல்லிவிடும். வளர்பிறைச் சஷ்டியில் சந்திரன் இரவு சுமார் பத்தே முக்காலுக்கு மறைவதால் பின்னிரவு இருள். தேய்பிறைச் சஷ்டியில் அதே நேரத்துக்கு எழுவதால் முன்னிரவு இருள்.

நீரோட்டத்துக்கும் இதில் பங்குண்டு. கரையோரத்து மீனவர் நீவாடு என்று சொல்லும் ஓட்டம் பெருவோத நாட்களில் வலுத்து, அடிச்சேற்றைக் கிளப்பி நீரைக் கலக்குகிறது. நிலைவலையைச் சாய்த்துப் படுக்கவைத்தும் விடுகிறது. பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளில் பெருக்கோடு உள்ளே போகும் இறாலும் மீனும் வற்றத்தோடு வெளியே வருவதால், ஓடையின் குறுக்கே வலை கட்டுகிறவர்களுக்குப் பெருவோதத்து வற்றமே அறுவடைக் காலம். ஆக, நல்ல நாள் என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்த வலைக்கு நல்ல நாள், அந்தத் தூண்டிலுக்கு நல்ல நாள் என்றுதான் உண்டு.

காற்றின் அதிகாரம்

நிலம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறும். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். பின்னிரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கிக் கரைக்காற்று வீசுவதும், முற்பகலுக்குமேல் சூடான நிலத்தை நோக்கிக் கடற்காற்று திரும்புவதும் இதன் விளைவே. பாய்மரக் காலத்தில் கட்டுமரங்கள் விடியுமுன் புறப்பட்டுப் பகலில் கரை சேர்ந்தது, போக ஒரு காற்றும் வர ஒரு காற்றும் கூலியின்றிக் கிடைத்ததனால். நமது சஷ்டிப் பயணத்தில் ஓதமும் அந்தக் காற்றும் ஒரே திசையில் உதவுகின்றன. எப்போதும் அவ்வாறு வாய்ப்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தென்கோடிக் கரையில் கச்சான் எனப்படும் மேல்காற்று ஓங்கி வீசும்போதும், ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழையோடு வரும்போதும் இந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது.

காற்றும் ஓதமும் எதிரெதிராக மோதும் இடமே ஆபத்தானது. முகத்துவாரத்தில் வற்றத்து நீர் வேகமாக வெளியேறும்போது, கடற்பக்கத்திலிருந்து வரும் அலை அதை எதிர்த்து நெருங்கி, குட்டையாகி, செங்குத்தாக நிமிர்ந்து உடைகிறது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு அமைதியாகக் கடந்த அதே திட்டு, ஆழம் போதுமானதாக இருந்தும், படகைக் கவிழ்க்கும் இடமாக மாறிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டும் சூறைக்காற்று எதிர்பார்க்கப்படும்போது வானிலைத் துறை மீனவரைக் கடலுக்குப் போக வேண்டாமென்று எச்சரிப்பதற்கும், துறைமுகங்களில் ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்ட புயல் கூண்டு ஏற்றுவதற்கும் இதுவே முகாந்தரம்.

ஓத அட்டவணையையும் காற்று திருத்திவிடும். வளிமண்டல அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி வீசும் பலத்த காற்று அதற்குமேலும் நீரைக் குவிக்கும். காற்றே இல்லாத நாளிலும் கடல் ஏமாற்றுவதுண்டு. தெற்கு இந்துமாக்கடலில் எங்கோ வீசிய புயல் எழுப்பிய நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாட்கள் கழித்துக் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் திடீரென்று ஏறிப் பாய்வதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். உள்ளூர் வானத்தை எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும் அதன் அறிகுறி தெரியாது. 1999-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் மையம் அலை உயரத்தையும், மீன் கூடக்கூடிய பகுதிகளையும் அறிவித்து வருவதன் பயன் இத்தகைய சமயங்களிலேதான் விளங்கும்.

2017 நவம்பர் 29-ஆம் தேதி காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மறுநாள் காலையில் அது குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. டிசம்பர் 3-இல் பௌர்ணமி. சந்திரன் பூமிக்கு அண்மையில் இருந்த பௌர்ணமி. அந்த வாரத்து ஓதத்தின் மணியும் அளவும் அட்டவணையில் எப்போதோ அச்சாகியிருந்தன. புயலோ ஒரு நாள் அவகாசத்தில் முற்றிவிட, அதற்கு முன்பே நாட்கணக்கில் தங்கிப் பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பி வரவேயில்லை. பயணம் எத்தனை நாள் நீள்கிறதோ அத்தனைக்குக் காற்றைப் பற்றிய நம் அறிவு தேய்ந்துவிடுகிறது என்பதையும், கடலில் இருப்பவருக்குச் செய்தி எட்டும் வழி திட்டத்திலேயே அடங்கியிருக்க வேண்டும் என்பதையும் அந்த நிகழ்ச்சி வேதனையோடு உணர்த்தியது.

கணக்கின் வரிசையும் முடிவின் வரிசையும்

திட்டமிடும்போது நிச்சயமானதிலிருந்து தொடங்கி நிச்சயமற்றதை நோக்கிப் போக வேண்டும். முதலில் திதியைக் கொண்டும் அட்டவணையைக் கொண்டும் புறப்படவும் திரும்பவும் உகந்த வேளைகளைக் குறித்துக்கொள்வது. இதை மாதம் முழுவதற்கும் முன்னதாகவே செய்துவிடலாம். அடுத்து, கையிலுள்ள வலைக்கோ தூண்டிலுக்கோ எந்த இருள், எந்த நீரோட்டம் ஏற்றது என்று பார்த்து அந்த நாட்களைச் சலித்தெடுப்பது. சட்டத்தின் நாட்காட்டியும் இங்கே குறுக்கிடும்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்ற ஏற்பாடு. அமாவாசை இந்தக் கிழமைகளைப் பார்த்து வருவதில்லை. கடைசியாக, புறப்படும் நாளன்றும் அதற்கு முந்தின நாளும் காற்றையும் அலையையும் பற்றிய அறிவிப்பைக் கேட்டு முடிவு செய்வது.

கணக்கில் கடைசியாக வரும் இந்தக் காற்றுக்கே முடிவில் முதலிடம். நீர் வேளையும் இருளும் மீனும் பொருந்தி வந்து, காற்று ஒன்று மட்டும் மறுத்தால், மற்ற மூன்றின் சம்மதத்துக்கும் மதிப்பில்லை. ஒரு நாள் தங்கினால் அந்த நாளின் வருமானம் போகிறது. ஐஸுக்குக் கொடுத்த காசும் படகுக் கடனுக்குரிய வட்டியும் போகின்றன. இவையெல்லாம் சிறு நஷ்டங்கள் என்று கரையில் இருப்பவர்கள் சொல்லிவிடுவது எளிது, நியாயமன்று. ஆயினும் அந்த நஷ்டத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை விதிப்பதும் சந்திரனே. தவறவிட்ட ஓதம் பதினைந்து நாளில் அதே மணிக்கு மறுபடி வரும். தவறவிட்ட இருள் ஒரு மாதத்தில் வரும். இந்த இரண்டையும் தேதியிட்டு இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளலாம். கணிக்க முடிந்தவை கணித்தபடி திரும்பி வருகின்றன என்ற உறுதியே, கணிக்க முடியாத காற்றுக்குப் பணிந்து கரையில் இருப்பதற்கு வேண்டிய தைரியத்தைத் தருகிறது. ஓத சாஸ்திரம் மீனவருக்குச் செய்யும் உபகாரங்களில் இதைவிடப் பெரியது வேறில்லை.